நாலாம் நம்பர் ஊசி

கட்டில் மேல் பதினோரு பைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பாதி பின்னிய ஏதோ ஒன்று. ரயில் நாலு மணிக்கு. இப்போது மணி பதினொன்றரை. பல் டாக்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காலையிலிருந்து அந்தக் கட்டிலையே முறைத்துக்கொண்டிருந்தார்.

கிளினிக்கில் இந்த மனுஷரைப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்தவன் மூடுவதற்குள் பல் தட்டில் விழுந்திருக்கும். தயக்கமாவது, யோசனையாவது! அப்படிப்பட்டவருக்கு உல்லன் நூலைக் கண்டால் மட்டும் புத்தி பேதலித்துவிடும். விரல் விறைப்புக்கு நல்லது என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு டாக்டர் பின்னச் சொல்லித் தொலைத்தார். விரல் சரியாகிவிட்டது. பின்னல்தான் நிற்கவில்லை. எதுவும் முடியவும் இல்லை. பேத்தி பிறந்தபோது ஆரம்பித்த போர்வை இன்னும் கைக்குட்டை அளவில்தான் இருக்கிறது. அந்தப் பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு.

எதை எடுத்துப் போவது என்ற இந்தக் கூத்தில்தான் போன வருஷம் ரயில் போயிற்று. அதற்கு முந்தின வருஷமும் போயிற்று. மலைமேல் ஏரிக்கரையில் பத்து நாள், புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் என்று திட்டம் போட்டு, இரண்டு தடவையும் பெட்டியும் கையுமாக ஸ்டேஷனிலிருந்து திரும்பினார்கள். டாக்டரம்மாவுக்கு நூலகத்தில் உத்தியோகம். அங்கே சொன்ன தேதி என்றால் சொன்ன தேதி. இந்த வருஷம் அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நான் ரயில் ஏறிடுவேன்.”

டாக்டர் ஆடிப்போய்விட்டார். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் வீட்டில் தன்னை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

“ஒரு பைதான் எடுக்கணும்னுட்டே. எதைன்னு நீயே சொல்லேன்,” என்று கெஞ்சினார்.

“உங்க இஷ்டங்க,” என்றாள் அவள், தன் பெட்டியைப் பூட்டிக்கொண்டே.

“அப்ப இந்த சாக்ஸ். சின்னது. மடியில வெச்சே பின்னிடலாம்.”

“தாராளமா. ரயில் ஆட்டத்துல கண்ணி நழுவாம இருக்கணும், அவ்வளவுதான்.”

சாக்ஸ் கட்டிலுக்கே திரும்பியது.

“சரி, சால்வை! நேர்ப் பின்னல். கண்ணை மூடிட்டுப் போடலாம்.”

“ரொம்ப நல்லது.” வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். “பத்து நாளைக்கு நூல் காணுமா?”

போதாதா? மனுஷருக்கு வியர்த்துவிட்டது. நூல் தீர்ந்துபோய், வெறும் ஊசியோடு ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார நேர்ந்தால்? ஏரியைப் பார்ப்பதற்காகத்தான் ஜனங்கள் ஏரிக்குப் போகிறார்கள் என்பது அவருக்குத் தோன்றினால்தானே! ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார்.

நூல்கடைக்காரி அவருடைய உருண்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இந்தச் சாயம் தீர்ந்துபோச்சு சார். இப்ப வந்திருக்கிறது கொஞ்சம் வெளிறின நிறம். சேர்த்துப் பின்னினா வித்தியாசம் தெரியும்.”

“ரொம்பத் தெரியுமா?”

“உங்களுக்குத் தெரியும். மத்தவங்க எங்க பாக்கப் போறாங்க?”

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கருநீலத்தில் ஐந்து உருண்டை வாங்கினார். புதிதாக ஒரு ஸ்வெட்டர் ஆரம்பிப்பது என்று முடிவு. பதினோரு அரைகுறை போதாதென்று பன்னிரண்டாவது! பிரச்சினை தீர்ந்தது என்று விசில்வேறு அடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மணி ஒன்றரை. புதிது என்றால் முதலில் சாண் அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, கண்ணிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அது சட்டம். அதை மீறினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், ஏனென்றால் அதை மீறாமலே இவர் இதுவரை எதையும் முடித்ததில்லை.

“நாலாம் நம்பர் ஊசி ரெண்டும் எங்க?” என்று கத்தினார்.

“நீங்கதானே தோட்டத்துல நட்டு வெச்சீங்க!”

நட்டது இவர்தான். வீட்டுக்குப் பின்னால் டாக்டரம்மா தக்காளியும் பீன்ஸும் விதைத்திருந்தாள். இந்த வாரம் பாத்தி முழுக்கப் பச்சைப்பசேலென்று முளைத்து நின்றது. பீன்ஸுக்குக் குச்சி வேண்டும் என்று அவள் கேட்டபோது, கடைக்குப் போகச் சோம்பல்பட்டுக்கொண்டு, கைக்கு அகப்பட்ட பின்னல் ஊசிகளைக் குத்திவிட்டு, “எப்படி என் மூளை?” என்று மார்தட்டிக்கொண்டார். இப்போது அந்த மூளையைக் கொடி மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது.

மாடி வீட்டில் குடியிருக்கும் லைன்மேன், கரண்ட் கம்பத்திலிருந்து இறங்கி ரிடையர் ஆனவர், மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“பிடுங்குங்க டாக்டர்! உங்க தொழில்தானே?”

“ஐயையோ! கொடி அறுந்துடும்!”

கிளினிக் பையிலிருந்து பல் குத்தும் கொக்கியும் குட்டிக் கண்ணாடியும் வந்தன. டாக்டர் மண்ணில் குப்புறப் படுத்தார். எத்தனை பேருடைய தாடையை ஈவிரக்கமில்லாமல் உலுக்கிய கை! ஒரு பீன்ஸ் கொடிக்கு முன்னால் அது இலை இலையாகத் தடவி வழி கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு டாக்டரம்மா பெட்டியோடு வந்து நின்றாள். கையில் அவருக்கு டீ வேறு.

“அவசரப்படாதீங்க. பிஞ்சுக் கொடி. நான் முன்னாடி போறேன், நீங்க டாக்சி பிடிச்சு வந்துடுங்க.”

“டிக்கெட்?”

“என் கைப்பையில இருக்கு.”

“நாம போயிட்டா செடிக்குத் தண்ணி?”

“அதுக்கெல்லாம் ஆள் இருக்கு.”

முதல் ஊசி மூன்றேகாலுக்கு வந்தது. இரண்டாவது வரும்போது கொடியின் நுனி ஒடிந்துவிட்டது. ஒடிந்த இடத்துக்குக் கருநீல நூலில் கட்டுப் போட்டார், பாவி மனுஷர், முடிச்சைக்கூட அழகாகப் போட வேண்டும் என்று இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார். டாக்சி தெருமுனை திரும்பும்போதுதான் ஊசி கையில் இருக்கிறது, நூல் கட்டிலில் இருக்கிறது என்று உறைத்தது. வண்டியைத் திருப்பினார். கட்டிலைப் பார்த்ததும் பழைய வியாதி வந்துவிட்டது. சால்வையையும் எடுத்துக்கொண்டால் என்ன? சாக்ஸ் என்ன பாவம் செய்தது? கடைசியில் பன்னிரண்டையும் ஒரு படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

பிளாட்பாரத்தில் அவர் கால் வைக்கவும் ரயில் நகரவும் சரியாக இருந்தது. ஜன்னலோரத்தில் டாக்டரம்மா தெரிந்தாள். கையை ஆட்டினாள். சிரித்தாள்.

‘எவ்வளவு துக்கத்தை அடக்கிக்கொண்டு சிரிக்கிறாள்!’ என்று உருகிக்கொண்டே டாக்டரும் பதிலுக்குக் கையை ஆட்டினார். அடுத்த ரயில் அடுத்த வாரம்தான்.

வீட்டுக்கு வந்தவர் மூட்டையைத் தோட்டத்தில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். லைன்மேன் படியிறங்கி வந்தார்.

“போச்சுங்க,” என்றார் டாக்டர். அழுகை வராத குறைதான். “மூணாவது வருஷம். பத்து நாள் அவ அங்க தனியா உட்கார்ந்து என்ன பண்ணுவா? இனிமே என் மூஞ்சியில முழிப்பாளா? என் டிக்கெட்டும் வீண். செடிக்குத் தண்ணி ஊத்த நீங்க ஒத்துக்கிட்டதும் வீண்.”

லைன்மேன் தலையைச் சொறிந்தார்.

“என்கிட்ட யாரும் தண்ணி ஊத்தச் சொல்லலையே டாக்டர். போன மாசம் அம்மா என்னை வாங்கிட்டு வரச் சொன்னது ஒரே ஒரு டிக்கெட்டும் ரெண்டு பாக்கெட் விதையும்தானே!”