தானாகச் செத்த பூச்சிகள்

“இன்னா மொதலாளி, சாவி கீவி விழுந்துச்சா?”

கோட்டை ரோட்டு விளக்குக் கம்பத்தடியில், காலை ஐந்தே முக்காலுக்கு, கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றியிருந்த பாத்திரக்கடை சீதளநாதன் நிமிர்ந்து பார்த்தார். பால் கேனோடு சைக்கிளை நிறுத்தியிருந்த பால்காரர் பதிலுக்குக் காத்திருந்தார்.

“இல்லப்பா. செத்த பூச்சி தேடறேன்” என்றார் சீதளநாதன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். பால்காரர் வழக்கத்தைவிட வேகமாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

விஷயம் இதுதான். எட்டாவது படிக்கும் மகள் அனந்தி, முந்தின நாள் பள்ளிக்கூடத்திலிருந்து பூச்சி ப்ராஜெக்ட் என்று வந்து நின்றாள். இருபது பூச்சிகளைப் பிடித்து, தெர்மாகோல் அட்டையில் குண்டூசியால் குத்தி, பெயரெழுதிக் கொடுக்க வேண்டுமாம். பத்து நாள் கெடு. சீதளநாதன் வீடோ சமண வீடு. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்து, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து, கொசுவைக்கூடத் துண்டால் வீசி மரியாதையாக வழியனுப்புகிற வீடு. அங்கே குண்டூசியும் கையுமாக யார் உட்காருவது?

“கொல்லக் கூடாது, அவ்ளோதானே? தானா செத்ததை எடுத்துக்கலாம்” என்று தீர்ப்புச் சொன்னார் சீதளநாதன். “நீ படி கண்ணு. பூச்சியை நைனா பார்த்துக்கிறேன்.”

செஞ்சியில் பூச்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் செத்த பூச்சிக்கு எறும்புகள் போட்டிக்கு வரும் என்பதை அவர் யோசிக்கவில்லை. இரண்டு நாள் தவழ்ந்ததில் கிடைத்தது ஓர் ஈசலும் பாதிக் கரப்பானும்தான். அந்துப்பூச்சி ஒன்றும் கிடைத்தது. பொட்டலம் கட்டும்போது அது பறந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து, “ஒரே ஒரு பொன்வண்டு கிடைச்சாக்கூடப் போதும்” என்று பெருமூச்சு விட்டார். வெளியே ராஜகிரியின் மேல் மேகம் இறங்கி, மலை பாதியோடு நின்றது. காற்று இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் எங்கோ ‘கர்... கர்...’ என்று எதையோ மெல்லச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினார். சத்தம் நின்றுவிட்டது.

விடிந்ததும் பார்த்தால், ஜன்னல் கட்டையில் ஒரு பொன்வண்டு கிடந்தது. கால்களை மடக்கிக்கொண்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் செத்திருந்தது.

“ஜெயா! தானா வந்து செத்திருக்குது பாரு!”

ஓடிவந்த மனைவி ஜெயமாலா குனிந்து உற்றுப் பார்த்தாள். “முதுகுல இன்னாங்க ஓட்டை?”

வண்டின் முதுகில் ஊசி முனையளவு ஒரு துளை இருந்தது. சீதளநாதன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிடைத்த உற்சாகத்தில் அன்று மாலை, “அப்படியே ஒரு தும்பியும் கிடைச்சுட்டா!” என்றார். மறுநாள் காலை அதே இடத்தில் தும்பி கிடந்தது. அதன் முதுகிலும் துளை.

“ஏங்க” என்றாள் ஜெயமாலா, தோசையைத் திருப்பிப் போட்டபடி. “நீங்க பேரைச் சொல்றீங்க, அது செத்துப்போவுது. அப்ப அந்தப் பாவம் யாரைச் சேரும்?”

சீதளநாதன் பிட்ட தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நாற்பத்தாறு வயதுவரை தெரிந்து ஓர் எறும்பை மிதித்ததில்லை. இப்போது நாக்காலேயே கொல்கிறாரா?

“சும்மா இரு. எல்லாம் தற்செயலா நடக்கறது. இந்த ஊர்லயே இல்லாததைக் கேக்கறேன், வருதா பார்க்கலாம்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அந்துப்பூச்சி வேணும்!”

கர்... கர்... கர்...

காலையில் அது இருந்தது. உள்ளங்கையைவிட அகலமாக, இறக்கையை விரித்து, ஜன்னல் கட்டையை முழுசாக அடைத்துக்கொண்டு கிடந்தது. இறக்கையில் இரண்டு கண்கள் வரைந்த மாதிரி இருந்தன. இரண்டும் அவரையே பார்த்தன. நடுவில் துளை.

அந்த நிமிடமே சீதளநாதன் மௌன விரதம் தொடங்கிவிட்டார். படிக்கிற பிள்ளை பயந்துவிடுமே என்று அனந்தியிடம் காரணம் சொல்லவில்லை. மனைவிக்கு மட்டும் ஒரு தாளில் எழுதி நீட்டினார். ஜெயமாலா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாய்விட்டே வாசித்தாள்.

“இந்த வீட்டில்... கும்பிடுபூச்சி என்று... யாரும் வாய்தவறிக்கூடச் சொல்ல வேண்டாம்.”

வாசித்து முடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சீதளநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மறுநாள் விடியற்காலையில் கும்பிடுபூச்சி வந்திருந்தது. முன்கால்களைக் கூப்பியபடி செத்திருந்தது. சீதளநாதனும் பதிலுக்குக் கைகூப்பினார். பிறகு பூச்சிகளைச் சேர்த்து வைத்திருந்த பெட்டியைத் திறந்து பொன்வண்டு, தும்பி, அந்துப்பூச்சி என்று ஒவ்வொன்றையும் எடுத்து வரிசையாக வைத்து, தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டார். பின்னால் அந்தச் சுரண்டல் சத்தம் என்றைக்கும் இல்லாத வேகத்தில் கேட்டது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கடைக்குப் போனாலாவது நிம்மதியாக இருக்கலாம் என்று போனார். அங்கே வேலையாள் விநாயகம், அடுக்கி வைத்திருந்த அண்டாக்களைக் கைதவறிச் சரித்தான். கடைவீதி முழுக்கக் கேட்டது. மௌனம் பறந்தது.

“ஒழிஞ்சு போடா!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று சீதளநாதனுக்கு உறைத்தது. விநாயகம் சிரித்துக்கொண்டே அண்டாக்களை அடுக்கினான். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு வரவேண்டிய விநாயகம் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். சீதளநாதன் கல்லாவை விட்டு எழுந்து, கடை ஜன்னல் கட்டையை எட்டிப் பார்த்தார். நல்லவேளை, அங்கே யாரும் கிடக்கவில்லை. மனசுக்குள் பஞ்ச மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் வரி மறந்தது.

பத்தரை மணிக்கு வியர்க்க விறுவிறுக்க விநாயகம் வந்து சேர்ந்தான்.

“அனந்தபுரம் பஸ்ஸு வழியிலயே நின்னுடுச்சு மொதலாளி. போன்லயும் சார்ஜ்... மொதலாளி, இன்னா பண்றீங்க?”

சீதளநாதன் அவனுடைய சட்டையைத் தூக்கி, முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். துளை இல்லை.

“கடையைப் பார்த்துக்கோ” என்றார். இன்றைக்கு இவன் தப்பித்தான். நாளைக்கு யாரோ? வீட்டுக்குப் போய்ப் பூச்சிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

அறிவியல் ஆசிரியை வளர்மதி அவரைப் பார்த்ததும் எழுந்து, தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

“நான் அனந்தியோட அப்பா...”

“தெரியுது சார்.”

“டீச்சர், பூச்சி ப்ராஜெக்ட் எங்க பொண்ணுக்கு வேணாம். மார்க் போனாப் போவட்டும். நான் பேரைச் சொன்னாலே சாவுதுங்க!” என்று பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

வளர்மதி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இதெல்லாம் எங்க லேப்ல கிடந்த பழசு சார். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே செத்தது. குண்டூசியை உருவிட்டு ஒரு டப்பா நிறைய நான்தான் அனந்தி கையில குடுத்தேன். எங்க வீட்ல கொல்ல மாட்டோம்னு அவ மறுநாளே வந்து சொல்லிட்டா. உசிரோட இருக்கற ஏதாவது ஒண்ணைப் பத்து நாள் கவனிச்சு எழுதும்மான்னு மாத்திக் குடுத்தேன். அதுக்கு இரை வைக்கணும்னு கேட்டா.”

சீதளநாதன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் வாயால் ஓர் உயிரும் போகவில்லை. எத்தனை நாள் கழித்து மூச்சு முழுசாக உள்ளே போகிறது! மகள் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற கோபம்கூட வரவில்லை. அடித்துக் கொல்லாமல், இரை வைத்துக் கவனிக்கிறாளே, அவர் வளர்த்த பெண் அல்லவா!

“எங்க ஜன்னல் பக்கம் ஒரு பெரிய பல்லி இருக்குது டீச்சர். அதைத்தான் எழுதறாளா?” என்றார் பெருமையாக.

வளர்மதி மேஜையிலிருந்த அனந்தியின் நோட்டை விரித்து, பென்சிலால் நெருக்கி நெருக்கி எழுதியிருந்த ஒரு பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“பல்லி எங்கியாவது பேசுமா சார்? ‘அஞ்சாம் நாள் பேச்சை நிறுத்திவிட்டது, ஆறாம் நாள் இரையைக் கும்பிட்டது’ன்னு எழுதியிருக்கா. இப்ப உடம்பு எப்படி இருக்குது உங்களுக்கு?”