ராக்கெட் குழாயும் பாதிச் சிங்கமும்

கூச்சப்படுகிறவன் கடைக்குப் போனால் தனக்கு வேண்டியதை வாங்கி வரமாட்டான். கடைக்காரருக்கு எது தீர வேண்டுமோ அதை வாங்கி வருவான். என்னைப் பார்த்து நானே தெரிந்துகொண்ட உண்மை இது.

நான் பச்சை குத்துகிறவன். சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகிற ரோட்டில் கடை. அதற்கு முன்னால் ரொம்ப வருடம் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டினேன். இரும்புக் கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருட்டி உருவினால் குழாய். அதற்குள் மருந்து அடைப்பவர்கள் வேறு ஆட்கள். எனக்குப் படம் வரையக் கொஞ்சம் வரும். (ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். கணக்கு நோட்டு முழுக்க வாத்தியார் மூக்கு.)

ஓர் ஆடி மாதம் இருக்கன்குடிக் கோயில் கூட்டத்தில் ஒருவர் மெஷினால் பச்சை குத்துவதைப் பார்த்தேன். போட்டுக்கொள்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போடுகிறவர் குனிந்த தலை நிமிரவில்லை. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இது எனக்கென்றே செய்து வைத்த தொழில் என்று முடிவு செய்து, பழைய மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு கம்பெனியிலிருந்து நின்றுவிட்டேன்.

அந்தக் கம்பெனியில் ஃபோர்மேன் என் மனைவி ஜெயக்கொடியின் அண்ணன் சுந்தரபாண்டி. நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மாப்ளே, சீசன் சூடு பிடிக்கப்போகுது. ஆள் பத்தலைன்னு மொதலாளி என்னைய வறுத்தெடுக்காரு. நீக என்னடான்னா ஊசியும் கையுமா உக்காந்திருக்கீக."

நான் தரையைப் பார்த்தேன். வழக்கம்போல ஜெயக்கொடிதான் பேசினாள்.

"அண்ணே, இருக்கன்குடி ரோட்டுல ஒங்க முன்ரூமு பூட்டித்தானே கெடக்கு. ஆடிக்கு எம்புட்டுக் கூட்டம் வரும். அதை இவுகளுக்குக் குடுங்களேன்."

அவர் யோசித்தார். "சரி. ஞாயித்துக்கெழமை என் கையில ஒரு சிங்கம் போடட்டும். நல்லா இருந்துச்சுன்னா சாவியைத் தாரேன். இல்லைன்னா திங்கக்கெழமை காலையில கம்பெனி வேன்ல ஏறிரணும். என்ன மாப்ளே?"

தலையாட்டினேன். என் வாழ்க்கையில் பாதி முடிவுகள் இப்படித் தலையாட்டி எடுத்தவைதான்.

இந்த இடத்தில் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சை குத்தும் மெஷினில் ஊசி ஒரு குழாய்க்குள் ஏறி இறங்கும். குழாயின் நுனிக்கு மூக்கு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். நடுவில் நாம் பிடிப்பது பிடி. ஒருவருக்குப் போட்டதும் தூக்கி எறிந்துவிடுகிற பிளாஸ்டிக் குழாய்தான் நல்லது. ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போகாது. அதை வாங்க மதுரைக்குப் போனேன். கடைக்காரர் வகை வகையாக எடுத்துப் பரப்பினார். மூக்கு உருண்டையாக இருந்தால் கோடு போட, பட்டையாக இருந்தால் நிழல் அடிக்க. பிடிகளோ பென்சில் கனத்திலிருந்து வாழைக்காய்க் கனம் வரை இருந்தன. ஒன்றைக் கையில் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"ஒல்லிப் பிடிதான் இப்ப நல்லாப் போகுது. ஒரு பெட்டி போட்டுரவா?" என்றார்.

தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து பூசணிக்காயில் போட்டுப் பழகும்போதுதான் விஷயம் தெரிந்தது. வருடக்கணக்காகக் குழாய் உருட்டிய கை என்னுடையது. விரல்கள் தடித்து, எதையோ பிடித்திருப்பது போலவே வளைந்து நிற்கும். அந்த ஒல்லிப் பிடி கைக்குள் காணாமல் போனது. கையுறைக்குள் வேர்த்ததும் பிடி தானாகவே சுழன்றது. கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் இழுத்துக்கொண்டது. பூசணிக்காயில் நான் போட்ட சிங்கத்தைப் பார்த்து ஜெயக்கொடி, "ஆடு நல்லாருக்கு" என்றாள்.

பிடியைத் தடிமனாக்க வேண்டும். முதலில் சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டிச் சுற்றினேன். கைக்குச் சரியாக இருந்தது. ஆனால் அறை முழுக்கப் பஞ்சர் கடை வாசம். அடுத்து துணி சுற்றினேன். துணி மையைக் குடித்துக் கொழகொழவென்றாகிவிட்டது. அப்புறம்தான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை எது? காகிதம் உருட்டுவது.

பிடியையே கம்பியாக வைத்து உருட்டினேன். பழுப்புக் காகிதம், பசை, மறுபடி காகிதம். கைக்குத் தோதான கனம் வந்ததும், மேலே பளபளப்பான சிவப்புக் காகிதம் ஒரு சுற்று. சிவப்பு எதற்கு என்கிறீர்களா? கைப்பழக்கம். நிழலில் காயவைத்து, மேலே பாலிதீன் சுற்றினேன். (பாக்கெட்டைப் பிரித்துப்போட்டு இப்படிக் கைவேலை பார்த்தால் சுத்தம் போய்விடும் என்பதெல்லாம் பிறகு கற்றுக்கொண்டது.) பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு கச்சிதம். அடுத்த பூசணிக்காயில் சிங்கம் சிங்கமாகவே வந்தது. நான் உருட்டி வைத்திருப்பது நல்ல தரமான ஒரு ராக்கெட் குழாய் என்பது மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாசு வேலை பார்ப்பவர். விடுமுறை நாள், எல்லாரும் வீட்டில். யாராவது எட்டிப் பார்த்தால் எனக்கு வேலை ஓடாது என்பதால் ஜன்னலைச் சாத்தி, கதவில் போர்வையைத் தொங்கவிட்டேன். அறை இருட்டாகிவிட்டது. மேஜை விளக்கை மட்டும் அவர் கையைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

மச்சான் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "காலண்டரைப் பாத்துக்கிட்டு இருக்கேன். பயம்னு நெனச்சிராதீக."

அந்தச் சுவரில் காலண்டர் கிடையாது. நான் மெஷினை ஓடவிட்டேன்.

முகம் வந்தது. பிடரி வந்தது. முன்னங்கால் இரண்டும் வந்தன. என் கையா என்று எனக்கே சந்தேகம். வலி பழகியதும் மச்சானுக்குத் தைரியம் வந்துவிட்டது. "எங்க, எம்புட்டுத் தூரம் வந்திருக்கு" என்று திரும்பினார்.

அந்தப் பழைய மாதிரி மெஷின் ஓடும்போது அதன் பின்பக்கத் திருகாணி முனையில் சின்னதாக நீலப் பொறி தெறிக்கும். அதனால் ஓர் ஆபத்தும் இல்லை. வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. வேறு யாராக இருந்தாலும் முன்னாலேயே சொல்லியிருப்பார்கள். நான் சொல்லவில்லை.

மச்சான் பார்த்தது இதுதான்: இருட்டறையில் தன் கையைக் குறிபார்த்து ஒரு சிவப்பு ராக்கெட், அதன் பின்னால் 'கிர்ர்' என்ற சத்தத்தோடு பொறி.

பொறியைக் கண்டால் ஏன், எதற்கு என்று நிற்கக் கூடாது, கத்திக்கொண்டே ஓடு என்பது கம்பெனியில் அவர் எங்களுக்கு வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது. சொன்னபடியே செய்தார். "ஏலே, பொறி. ஓடுங்கலே, எல்லாரும் ஓடுங்க" என்று போர்வையோடு வெளியே பாய்ந்தார்.

தெருவில் ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. சாப்பாட்டுக் கையோடு ஒருவர், பாதி சவரத்தோடு ஒருவர், மொத்தத் தெருவும் கண்மாய்க் கரையைப் பார்த்து ஓடியது. நானும் ஓடினேன். அவரிடம் அத்தனை வருடம் வேலை பார்த்த கால்கள். அந்தக் குரலைக் கேட்டால் என்னைக் கேட்காமலே கிளம்பிவிடும். மெஷினைக் கீழே போடத் தோன்றவில்லை. மச்சான் திரும்பிப் பார்த்தார். கையில் சிவப்பு ராக்கெட்டோடு, வயர் தொங்க, நான் அவரையே துரத்தி வருவது தெரிந்தது. அதற்கு மேலும் வேகம் கூட்ட முடியும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

எல்லாரும் கரையில் நின்று மூச்சு வாங்கினோம். வெடிச் சத்தம் வரவில்லை. ஜெயக்கொடி மட்டும் நிதானமாக நடந்து வந்தாள். அவள் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை. என் கையையும் அவள் அண்ணன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, சிங்கத்தோட பின்பாதி எங்கண்ணே? ஒங்களுக்கு முந்தியே ஓடிருச்சா?"

மச்சான் வேட்டியை இறுக்கிக் கட்டினார். கூட்டத்தைப் பார்த்து, "எம்புட்டு வேகத்துல ஓடுதீகன்னு பாத்தேன். பரவாயில்லை. ஆனா செருப்பைத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒத்திகைதானே மாப்ளே?"

தலையாட்டினேன்.

மீதிச் சிங்கத்துக்கு அவர் உட்காரவில்லை. நேரே வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை காலையில், யாரும் கூப்பிடுவதற்கு முன்னால், தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நானே வேனில் ஏறினேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து விரல்களைப் பார்த்துக்கொண்டே போனேன். இனி அவற்றுக்குக் கம்பிதான்.

கம்பெனி வாசலில் மச்சானைச் சுற்றிக் கூட்டம். எல்லாரும் வெளியூர் ஆட்கள், எங்கள் தெருவின் ஓட்டம் தெரியாதவர்கள். அவர் கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

"முழுசா எவன் வேணும்னாலும் போடுவாம்லே. இது குகையிலருந்து வெளிய வாரது. பின்பாதி உள்ள இருக்கு. நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்."

"அண்ணாச்சி, மொகத்தைப் பாருங்க, உசுரோட இருக்கு. யாரு போட்டது?" என்றார் ஒருவர்.

அப்போதுதான் மச்சான் என்னைப் பார்த்தார். உயர்த்திய கை மெல்ல இறங்கியது. "இந்தா, எங்க மாப்ளதான். என்ன மாப்ளே, நாஞ் சொன்னது சரிதானே?"

கூட்டம் என்னைப் பார்த்தது. தலையாட்டினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அத்தனை நன்றாகத் தலையாட்டியதில்லை.

அவர் என் தோளில் கைபோட்டுத் தள்ளிக் கூட்டிப்போனார். "சாவி என் வீட்டுக்காரிகிட்ட இருக்கு, வாங்கிக்கிடுங்க. அந்தச் செவப்புக் காயிதம் மட்டும் கடைக்குள்ள வரக் கூடாது."

வரவில்லை. இப்போதெல்லாம் மதுரைக்குப் போனால் பிடியைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் எடுக்கிறேன், வாழைக்காய்க் கனத்தில். அதற்கு மேலும் வேண்டியிருந்தால், அதற்கென்றே விற்கிற ஒட்டுப் பட்டையைச் சுற்றிக்கொள்கிறேன். ஜன்னலும் திறந்தே இருக்கிறது. ஆடிக் கூட்டத்தில் வருகிறவர்களில் பலர் குகையிலிருந்து வரும் சிங்கம்தான் கேட்கிறார்கள். முழுச் சிங்கம் போடச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் எனக்குப் பின்பாதி வருமா என்பதும் தெரியாது.

தீபாவளிக்கு மச்சான் வீட்டுக்கு வருவார். ஜெயக்கொடி ஒரு சிவப்பு ராக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "அண்ணன் வந்திருக்காக, மீதியையும் போட்டு விட்ருங்க" என்பாள். அவர் அன்றைக்கு மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு வருகிறார். உட்காருவதும் வாசலை ஒட்டித்தான்.