நைனாவின் சத்தமில்லாத எஞ்சின்

ஓடாத வண்டியைக் கழற்றிப் பார்த்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். நன்றாக ஓடுகிற வண்டியை, நன்றாக ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கழற்றிப் போட்டவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டில் அவர் குடியிருந்தார். பெயர் என்னவோ, தெருவுக்கு அவர் ஸ்பேனர் நைனா.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டர். அங்கே ஃபிட்டர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கடகடவென்று சத்தம் போடுகிற கிரேனை நம்பலாம், எங்கே கோளாறு என்று அதுவே சொல்லிவிடும்; சத்தமே போடாத கிரேன்தான் ஆளைக் கொல்லும், உடனே நிறுத்திக் கழற்றிவிட வேண்டும். துறைமுகத்துக்கு அது நல்ல சட்டம். நைனா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, நைனா ஒரு காரை எடுத்தார். கார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு பேர் தூக்கிவந்து வீட்டுப் பக்கவாட்டுத் தகரக் கொட்டகையில் இறக்கினார்கள். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் கொட்டகை வாசலில் கூட்டம்தான். மீன்கூடையோடு போகிறவர்கூட நின்று டைனமோவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போவார். கப்பல் கம்பெனி குமாஸ்தாவான நானும் சொல்லியிருக்கிறேன். டைனமோ எது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

நைனாவின் மனைவி மங்கம்மா மட்டும் அபிப்பிராயம் சொல்லமாட்டார்; திட்டுவதோடு சரி. அவருடைய அஞ்சறைப் பெட்டியில் ஒரு அறையில் கடுகு, மிச்சம் நாலிலும் வாஷர்.

அந்த அம்மாளின் தம்பி துரைசாமி திருவொற்றியூரில் மூன்று ஜட்கா வண்டி வைத்து ஓட்டியவர். ஒரு நாள் அக்காளைப் பார்க்க வந்தவர், கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"யக்கா, இது ஓடற அன்னிக்கு என் குதிரைங்கள அவுத்து வுட்டுடறேன்."

மங்கம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தார். "இதுலதான்டா உன் வூட்டுக்கு வருவேன். அதுவரைக்கும் உன் வாசல மிதிக்கமாட்டேன்."

புருஷனைத் தினமும் திட்டுகிற உரிமை தமக்கு மட்டும்தான் என்பது அவர் கட்சி. சொன்னபடி ஐந்து வருஷம் தம்பி வீட்டுக்குப் போகவில்லை.

அதற்குள் கார் மூன்று தடவை ஓடத் தயாராகிவிட்டது. மூன்று தடவையும் நைனா ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். "சோக்கா ஓடுது சார். எங்கியோ தப்பு கீது," என்று என்னிடம் சொல்லிவிட்டு, மளமளவென்று கழற்றிப் பரப்பினார். மறுபடி பூட்ட ஆறு மாதம், எட்டு மாதம்.

அப்போதுதான் துரைசாமியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண்ணின் அத்தைதான் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அத்தையோ காரில்தான் வருவாள். கார் அப்போது பாதி கொட்டகையிலும் பாதி அஞ்சறைப் பெட்டியிலும் இருந்தது.

நைனா பதினைந்து நாள் லீவு போட்டுப் பூட்டி முடித்தார். முடித்த அன்றே மங்கம்மா ஸ்பேனர்களை எல்லாம் அள்ளி அரிசிப் பீப்பாய்க்குள் புதைத்துவிட்டார். நைனா இடுப்பில் ஒன்றைச் செருகியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

பத்தரைக்கு முகூர்த்தம். எட்டு மணிக்குக் கிளம்பினோம். பட்டுப்புடவையில் மங்கம்மா பின் சீட்டில், நான் முன்னால். தெருவே வாசலில் நின்று பார்த்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. தண்டையார்பேட்டை தாண்டியதும் நைனாவின் முகம் மாறியது.

"சார், கேக்குதா?"

"எது?"

"அதான் சார். ஒண்ணுமே கேக்கல."

"நைனா, வேண்டாம்," என்றேன். வண்டி அதற்குள் நின்றுவிட்டது.

"ரெண்டே நிமிசம்."

பத்தாவது நிமிஷம் கார்புரேட்டர் துண்டு துண்டாக என் துண்டின் மேல் கிடந்தது. அதிலிருந்து ஒரு சின்ன ஸ்பிரிங் துள்ளி, பக்கத்துச் சாக்கடையில் விழுந்தது. நைனா முழங்கை வரை விட்டுத் துழாவினார். கிடைக்கவில்லை.  மங்கம்மாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

மணி ஒன்பதரை ஆனபோது, அக்காளைக் காணோமே என்று துரைசாமியே ஜட்காவில் தேடி வந்தார். பட்டு வேட்டி, சந்தனம், எல்லாம் கனகச்சிதம்.

"யக்கா, நேரமாவுது. ஜட்காவுல ஏறு."

"மாட்டேன்."

"சரி, குதிரைய கார்ல கட்டி இழுத்துகினு போலாம்."

"குதிர இழுத்தா அது ஜட்காடா. கார் ஆவாது."

துரைசாமி அக்காளைப் பார்த்தார். சாக்கடை ஓரத்தில் தலைகுனிந்து நின்ற நைனாவைப் பார்த்தார். பிறகு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் பின்னால் போய்த் தோள் கொடுத்தார். ஜட்காக்காரரும் நானும் சேர்ந்துகொண்டோம். வழியில் போன நாலு துறைமுகத்து ஆட்களும், நைனாவின் வண்டி என்று தெரிந்ததும், கேட்காமலே கை வைத்தார்கள். நைனா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல," என்று எங்களை அதட்டிக்கொண்டே வந்தார். மங்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பந்தலை அடைந்தபோது முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மங்கம்மா இறங்கி நேரே உள்ளே போய்ப் பெண்ணின் கையைப் பிடித்தார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் காரைச் சுற்றிவந்து, "யாரு வண்டி?" என்றார்.

வியர்வையில் சந்தனமெல்லாம் கரைந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த துரைசாமி சொன்னார்: "எங்க மாமாவுது. அவரே கையால செஞ்சது. சத்தமே வராது."

நைனா கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிரீஸ் கண்ணில் பட்டுவிட்டது என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு இரண்டு நாள் தோள்பட்டை வலித்தது. நைனா இன்றைக்குக் கூப்பிட்டாலும் அந்த வண்டியைத் தள்ளப் போவேன்.