ஓட்டையில்லாத இலைகள்

உயிரினங்களுக்காகப் பாடுபட்டவர்கள் உலகில் பலர் இருக்கலாம். அதற்காகப் பதினோரு துணைக்குழுக்கள் அமைத்த பெருமை அந்தச் சமூகக் கற்றல் தோட்டத்துக்கு மட்டுமே உண்டு. அங்கே செடிகள் ஒன்பது. அறிவிப்புப் பலகைகள் இருபத்துமூன்று. பள்ளிப் பிள்ளைகள் வந்து பலகைகளை நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். செடியைத் தொட அனுமதியில்லை.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தொண்டராகச் சேர்ந்ததும் அவரைப் 'பல்லுயிர் வரவேற்புத் துணைக்குழு'வில் போட்டார்கள். தொட்டியில் இருந்த எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு. மூன்றாம் வாரம் அதில் ஐந்து பச்சைப் புழுக்கள் தென்பட்டன. முப்பது வருஷம் பயணிகளைத் திட்டியே பழகிய மனுஷர், அந்த ஐந்தையும் பார்க்காமல் காப்பி குடிப்பதை விட்டுவிட்டார்.

அப்போதுதான் பரிசுக்குழு பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. செயலாளர் சுற்றிவந்து எலுமிச்சை முன்னால் முகம் சுளித்தார்.

"என்னங்க, இலையெல்லாம் ஓட்டை? மருந்து அடிச்சிடுங்க."

"சார், இது பட்டாம்பூச்சிப் புழு. நாமதானே 'பட்டாம்பூச்சிகளே வருக'ன்னு போர்டு வச்சோம்?"

"பட்டாம்பூச்சியைத்தான் கூப்பிட்டோம். புழுவை யாரு கூப்பிட்டா?"

"'இங்கே மருந்து அடிப்பதில்லை'ன்னும் ஒரு போர்டு இருக்கு சார்."

"அதுல படாம அடிங்க."

அவசரக் கூட்டம் கூடி, மருந்து அடிக்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. டிரைவர் அன்று மாலையே தொட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஏங்க, வீட்டுல ஒருத்தருக்கு இலை போடுறதே பெரும்பாடு, இன்னும் அஞ்சு பேரா?" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே ஜன்னலோரத்துத் தையல் மெஷினை நகர்த்தி இடம் விட்டாள்.

காலியான இடத்தில் இருபத்துநான்காவது பலகை எழுந்தது. பார்வை நாளன்று கம்பியில் கட்டிய நாற்பது பிளாஸ்டிக் பட்டாம்பூச்சிகள் ஆடின. பரிசுக்குழுத் தலைவர் மெய்மறந்துபோனார்.

"ஒரு இலையில கூட ஓட்டை இல்லையே! எப்பேர்ப்பட்ட பராமரிப்பு!"

முதல் பரிசு கிடைத்தது.

சில வாரங்களில் ஜன்னலோரத்தில் முதல் கூடு வெடித்தது. டிரைவர் அந்தப் பட்டாம்பூச்சியை அட்டைப்பெட்டியில் வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து திறந்தார். அது மெல்லப் பறந்து 'வருக' பலகையின் மேல் உட்கார்ந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

செயலாளர் விழுந்தடித்து ஓடிவந்தார். "ஐயையோ, விரட்டுங்க அதை! முட்டை வச்சிடப் போகுது!"

டிரைவர் அந்தப் பலகையைப் பிடுங்கினார், அக்குளில் இடுக்கினார், நடையைக் கட்டினார். அது இப்போது அவர் வீட்டு ஜன்னலில் இருக்கிறது.

தோட்டத்தின் பொதுச்சொத்தை அபகரித்ததாக அவரை விசாரிக்கப் பன்னிரண்டாவது துணைக்குழு உடனே அமைந்தது. ஐந்து உயிர்களைக் கொல்லத் தீர்மானம் போட்டவர்களை விசாரிக்கத்தான் குழு எதுவும் இல்லை. கை தூக்கிய எல்லோரும் பன்னிரண்டாவதில் இருக்கிறார்கள்.