எரிமலைக்கு ஒரு நாள் லீவு

பஞ்சலிங்கம் யாழ்ப்பாணத்தில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞர். எந்தத் திணைக்களம் என்று கேட்கக்கூடாது. சொன்னவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மனுசன் கேட்டது ஒரேயொரு நாள் லீவு. தகப்பனார் செத்து ஒரு வருடமாகி, ஆட்டைத்திவசமும் முடிந்து வருகிற முதல் ஆடி அமாவாசை. கீரிமலைக்குப் போய்க் கடலிலும் கேணியிலும் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அப்பா பசியோடு நிற்பார் என்று அவருக்குப் பெரிய கவலை. உயிரோடு இருந்த காலத்திலேயே அந்தக் கிழவனுக்குப் பசி பொறுக்காது.

லீவு விண்ணப்பப் பாரம் இப்போது கடதாசியில் இல்லை, கணினியில். நாடு முன்னேறிவிட்டதல்லவா. லீவுப் பிரிவில் இருக்கும் கஜானி தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“அண்ணை, போற இடத்துப் பட்டியலிலை கீரிமலை இல்லை. மலை எண்டு முடியிறது ரெண்டுதான் கிடக்கு. திருகோணமலை, எரிமலை.”

“அப்ப திருகோணமலையைப் போடு பிள்ளை.”

“அதுக்கு ஒரு நாள் லீவு தராது. தூரமாம். எரிமலைக்குத் தரும்.”

“பிறகு உதைத் திருத்தலாமோ?”

“திருத்திறதெண்டால் கொழும்பிலை அனுமதி எடுக்கவேணும், மூண்டு மாதம். எரிமலையெண்டால் இஞ்சையே சேர் கையெழுத்து வைப்பார்.”

ஆடி அமாவாசைக்கு ஆறு நாள்தான் இருந்தது. பஞ்சலிங்கம் எரிமலைக்குச் சம்மதித்தார்.

குடாநாட்டில் மலை என்று ஒன்றும் கிடையாது. கீரிமலையிலும் பெயரில்தான் மலை, மற்றபடி கடற்கரை. இதெல்லாம் புவியியல் வாத்தியாரின் பாடு. திணைக்களத்துக்கு இதில் சம்பந்தமில்லை. பொறுப்பதிகாரி சீவரத்தினம் விண்ணப்பத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து, ‘எரிமலை ஏறும் அரச அலுவலர் ஒரு நாள் பயணத்தின்போது தம்வசம் வைத்திருக்க வேண்டிய பொருட்கள்’ என்ற சுற்றறிக்கையை எடுத்தார். பயணத்துக்கு முதல் நாள் பொதியைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். பஞ்சலிங்கம் பொதியை மேசையில் இறக்கினார்.

“தலைக்கவசம்?”

“மோட்டச்சைக்கிள் ஹெல்மெற் கிடக்கு சேர்.”

“நச்சுப்புகை முகமூடி?”

“கொரோனா நேரத்து மாஸ்க், ஒரு பெட்டி.”

“அறுபது அடிக் கயிறு?”

“கிணத்துக் கயிறு கழட்டிக்கொண்டு வந்தனான். மனிசி நாளைக்குப் பக்கத்து வீட்டிலை தண்ணி அள்ளுவா.”

“தடிச்ச சப்பாத்து, ரோச் லைற், விசில், நாலு லீற்றர் தண்ணி?”

“ஓம் சேர், எல்லாம் இருக்கு.”

“உந்தக் கடதாசிச் சரைக்குள்ளை என்ன?”

“எள்ளு சேர். கொஞ்சம் பச்சரிசி, தர்ப்பை.”

சீவரத்தினம் சுற்றறிக்கையை மேலிருந்து கீழாக ஒருதரம், கீழிருந்து மேலாக ஒருதரம் வாசித்தார்.

“பட்டியலிலை எள்ளு இல்லை. எரிமலைக்கு எள்ளு என்னத்துக்கு?”

“அப்பாவுக்கு சேர்.”

“அவர் அரச அலுவலரோ?”

“செத்துப்போனார் சேர்.”

“அப்ப அவருக்குத் தனிப் பாரம் நிரப்பவேணும்.”

எள்ளுச் சரை மேசையிலேயே தங்கிவிட்டது. மறுநாள் விடிய பஞ்சலிங்கம் கீரிமலை வாசலில் புதுச் சரை ஒன்று வாங்கினார். ஹெல்மெற்றும் கயிறுமாக வந்து நின்றவரை ஐயர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தம்பி, கிணறு இறைக்க வந்தனீரோ?” என்று கேட்டார். எப்படியோ அப்பாவின் பெயரும் கோத்திரமும் சொல்லி இறைத்தாயிற்று. மூன்றாம் முறை முழுகி எழும்பும்போது அழுகை வந்துவிட்டது. முகமெல்லாம் தண்ணீராக இருந்ததில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் சீவரத்தினம் பயண அறிக்கை கேட்டார். பஞ்சலிங்கம் நேர்மையாக, ‘அங்கே மலை இல்லை’ என்று எழுதினார்.

“அப்ப நீர் எரிமலைக்குப் போகேல்லை. பொய் சொல்லி லீவு எடுத்திருக்கிறீர். விசாரணை வரும்.”

பென்சனுக்கு நாலு வருடம் இருக்கிற மனுசன் என்ன செய்வார்? திரும்ப எழுதினார். ‘இடம்: கீரிமலை. ஏறினேன். புகை வந்தது. சனம் தண்ணீருக்குள் பாய்ந்தது.’ ஒரு சொல்லும் பொய்யில்லை. ஏறியது கேணிப்படி, வந்தது கற்பூரப் புகை. சீவரத்தினம் முத்திரை குத்தி, “இது அறிக்கை,” என்று மெச்சிக் கொழும்புக்கு அனுப்பினார்.

ஒரு வருடம் போனது. ஆடி அமாவாசைக்குப் பத்து நாள் இருக்க அறிவித்தல் வந்தது. ‘கீரிமலையில் புகை வெளியேறுவதையும் பொதுமக்கள் நீரில் பாய்ந்து உயிர் தப்புவதையும் அரச அலுவலர் ஒருவர் நேரில் கண்டு உறுதிப்படுத்தியுள்ளதால், அப்பகுதிக்குள் செல்வது மறு அறிவித்தல் வரை தடைசெய்யப்பட்டுள்ளது.’

யுத்த காலத்தில் வருடக்கணக்காக ஆமி மறித்து வைத்திருந்த கரை அது; எங்கள் சனத்துக்கு அங்கே போகத் தடை என்பது புதினமில்லை. அங்கே ஏது மலை என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பாரம் நிரப்ப வேண்டும் என்று கேட்டுத் திணைக்கள வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையை விலக்கிக்கொண்டு பஞ்சலிங்கம் உள்ளே ஓடினார்.

“சேர், அது கற்பூரப் புகை. அங்கை மலையே இல்லை.”

“எனக்கு உது தெரியாதோ? பத்து வருசமா என்ரை அப்பாவுக்கு நானும் அங்கைதான் இறைக்கிறனான். இந்த முறை எனக்கும் ஏலாது.”

“அப்ப அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, சேர்.”

“நீர் கேட்டது எரிமலைக்கு லீவு,” என்றார் சீவரத்தினம். “கீரிமலையைப் பற்றி ஆர் என்னட்டைக் கேட்டது?”