ஃப்ரிட்ஜில் ஓர் இமயமலை ஏரி

உள்ளே இருப்பது வெளியே தெரியாத வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து உதறினார் சாமியப்பன். ஒரு சொட்டுகூட விழவில்லை. மகள் கிருத்திகா அப்போதுதான் போனில் சொல்லி முடித்திருந்தாள்.

"ஃப்ரிட்ஜ்ல இருக்கற தண்ணி என் ஆராய்ச்சிக்குங்கப்பா. ராபின் இப்ப வந்து வாங்கிக்குவான். யாரும் தொட்டுறாதீங்க."

தொடவில்லைதான். குடித்திருந்தார்.

போன வாரம்தான் அவள் இமயமலை ஏரிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். "அந்தத் தண்ணியில சத்தே இல்லீங்கப்பா. ஆனா அதுலயும் எத்தனை வகை பாக்டீரியா பொழைக்குது தெரியுங்களா?" என்று அவள் விளக்கியதில், சாயப்பட்டறை முதலாளியான அவர் காதில் விழுந்தது 'இமயமலை' மட்டும்தான். அவள் ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டிலில் இருப்பது அதுதான், சர்க்கரைக்கு நல்லது என்று அவராகவே முடிவுகட்டி, கண்ணை மூடி முருகனை நினைத்து, தினமும் ஒரு வாய் அண்ணாந்து குடித்துவந்தார். லேசாகக் கரித்தது. மூலிகை என்று மெச்சிக்கொண்டார். மனைவி கண்ணம்மாளுக்கும் பெரிய மனதோடு, கண்ணை மூடச் சொல்லி ஒரு வாய் ஊற்றியிருந்தார்.

"புள்ளையோட இத்தன வருசப் படிப்பக் குடிச்சுப் போட்டீங்களே!" என்றாள் கண்ணம்மாள்.

"சத்தம் போடாத. தண்ணிதானே?" கேன் தண்ணீரைப் பிடித்து நிரப்பினார்.

"அது சுத்தம் பண்ணுனதுங்க. அதுல ஏது பாக்டீரியா?"

வீட்டில் இன்னொரு விஞ்ஞானி இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தயிரில் நல்ல பாக்டீரியா உண்டென்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வர, ஒரு கரண்டி தயிரை விட்டுக் குலுக்கினார். ஏரி நீர்மோர் ஆனது.

"வடிகட்டுங்க!"

கையில் அகப்பட்ட ரோஸ் நிற பனியன் துணியில் வடிகட்டினார். அவருடைய பட்டறையிலேயே சாயமேற்றியது. உயிரே போனாலும் சாயம் போகாது என்று வெளிநாட்டு வியாபாரியிடம் அவர் சத்தியம் செய்திருந்த துணி. உயிர் இருக்கும்போதே தாராளமாகப் போனது.

"இப்ப ரோஸ்மில்க்குங்க" என்றாள் கண்ணம்மாள்.

காலிங் பெல் அடித்தது. கிருத்திகாவோடு ஆராய்ச்சி செய்யும் ராபின் நின்றிருந்தான்.

மகளின் பட்டம் தன் வயிற்றோடு போய்விட்டதே என்று நினைத்தபடியே சாமியப்பன் பாட்டிலை நீட்டினார். "தம்பி, மலைத் தண்ணி பாருங்க... ஃப்ரிட்ஜ் குளிருக்குக் கொஞ்சம் நிறம் மாறியிருக்கும்..."

ராபின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"மாறவே இல்லீங்களே அங்கிள். ஏரித் தண்ணி கிருத்திகா திரும்பி வந்த அன்னைக்கே லேபுக்குப் போயிருச்சு. இது ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு உங்க பட்டறைக்குப் பின்னால ஓடற ஓடையில எடுத்ததுங்க."