ரிப்பன் கட்டிய சாக்கு

கட்டிலில் ஓவன் படுத்திருந்தது. தரையில் நிலவழகன் படுத்திருந்தான். ஓவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

"நான் எப்ப மேல ஏறுறது?" என்று பாயில் கிடந்தபடியே கேட்டான்.

"அடுப்படியில எடம் கெடைச்சதும்," என்றாள் ரஞ்சிதா.

"அப்ப எனக்குத் தலகாணியாவது நல்லதாக் குடு."

அவனைக் குறை சொல்ல முடியாது. புதுக்கோட்டையில் அந்த வாடகை வீட்டைப் பார்க்க வந்த அன்று, அடுப்படியை ஏதோ அலமாரி என்று நினைத்துக் கதவைச் சாத்தப் போனவன் அவன். ஒருத்தர் உள்ளே நின்று தோசை சுட்டால், மற்றவர் வாசலில் நின்றுதான் தட்டை நீட்ட வேண்டும். ஸ்டோர் ரூம் என்ற பேச்சே கிடையாது. ஒரு சமையல் மேடை, தலைக்கு மேல் ஒரு பரண், அவ்வளவுதான். அந்த மேடையிலும் பாதியை மாமியாரின் பிரியம் பிடித்துக்கொண்டிருந்தது.

மாமியார் சொர்ணம் திருவரங்குளத்தில் இருந்தார். மாதம் தவறாமல் அங்கிட்டிருந்து ஒரு சாக்கு வந்துவிடும். அரிசி, உளுந்து, நிலக்கடலை, இடையில் சொருகிய புளி. திருமயத்துக்கும் திருவரங்குளத்துக்கும் இடையே, புதுக்கோட்டை வழியாக ஓடும் தனியார் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். கண்டக்டர் ராக்கன் அதைத் தெரு முக்கில் இறக்கிவைத்துவிட்டு விசில் ஊதுவான். போன மாதச் சாக்கு தீருவதற்குள் இந்த மாதச் சாக்கு வந்து அதன்மேல் உட்காரும். பாசத்தை மூட்டை கட்டி அனுப்புகிறவரிடம் வேண்டாம் என்று எந்த மருமகளால் சொல்ல முடியும்?

ரஞ்சிதா ஒரு தடவை போனில் சுற்றிவளைத்துச் சொல்லிப் பார்த்தாள். "அத்தை, இங்க வைக்கத்தான் எடமே இல்லைங்க."

"வச்சாத் தன்னால எடம் வந்துரும் தாயி," என்று சொர்ணம் போனை வைத்துவிட்டார்.

இப்போது அப்படி விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அடைக்கலமேரியின் பேத்திக்கு முதல் பிறந்தநாள். மேரியின் மகள் பிளெஸ்ஸி, கேக்கை ரஞ்சிதாதான் செய்து தர வேண்டும் என்று சொல்லியிருந்தாள். வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட வேலைக்கு இதுதான் முதல் ஆர்டர். நன்றாக வந்தால் தெருவே வாங்கும். வராவிட்டால் தெருவே பேசும். ஓவனுக்கேற்ற பெரிய பிளக்கோ அடுப்படியில் மட்டும்தான் இருந்தது. ஆகவே மேடை காலியாக வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள். ரஞ்சிதா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

முதலில் ஒரே அளவில் சதுர டப்பாக்கள் வாங்கிவந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சுவரோடு சுவராக நின்றுவிடும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். எல்லாவற்றையும் கொட்டி நிரப்பினாள். அடுக்கு அழகாகத்தான் நின்றது. ஆனால் சாக்கில் பாதி இன்னும் மிச்சமிருந்தது. போதாததற்கு, காலியான பழைய தூக்குகளும் சம்படங்களும் வேறு வந்து நடுவில் நின்றன. சீர்வரிசையில் வந்தவற்றைத் தூக்கிப் போடவா முடியும்?

மறுநாள் விடிந்தும் விடியாமலும் டப்பாவைத் திறந்து வாசலில் கோலம் போட்டாள். கொஞ்ச நேரத்தில் நிலவழகன் கூப்பிட்டான்.

"ரஞ்சிதா, கோலத்துக்கு யாரு கறுப்புக் கலர் குடுத்தது?"

வந்து பார்த்தாள். கோடு மாறாமல், புள்ளி பிசகாமல் எறும்பு மொய்த்திருந்தது. கோலமாவுக்குப் பதில், கேக்குக்காக வாங்கிய ஐசிங் சுகரை எடுத்திருக்கிறாள். எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருந்தால் வேறென்ன நடக்கும்? வாசலை முடித்த எறும்புகள் வரிசையாக அடுப்படிக்குள் போய்க்கொண்டிருந்தன.

அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை என்பதால் அழவில்லை.

"கொடுத்துத் தீத்துர்றேன்," என்றாள்.

தூக்கு நிறையக் கடலையை அடைக்கலமேரிக்குக் கொடுத்தாள். ஒரு சம்படம் உளுந்து எதிர்வீட்டுக்கும் புளி மாடிவீட்டுக்கும் போயின. மத்தியானம் அடுப்படியில் நின்று இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தாள். எதுவும் இடிக்கவில்லை.

சாயங்காலம் அடைக்கலமேரி வாசலில் நின்றார்.

"இந்தாம்மா ஒன் தூக்கு. வெறும் ஏனத்தை எப்படிக் குடுக்குறது? முறுக்கு சுட்டேன், போட்டிருக்கேன்."

"எதுக்குங்கக்கா இதெல்லாம்?"

"தூக்கு கொள்ளலை, மிச்சத்தை இந்தப் பையில வச்சிருக்கேன்."

எதிர்வீட்டுச் சம்படத்தில் வடகம் வந்தது. மாடிவீட்டிலிருந்து, கிண்ணத்தோடு கூடவே ஒரு பாதிப் பலாப்பழமும் இறங்கி வந்தது. அந்தத் தெருவில் யாரும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்ததே இல்லை. ரஞ்சிதாவும் கொடுத்ததில்லை, கோபத்தில் அது மறந்துபோயிருந்தது. ராத்திரி நிலவழகனின் பாய்க்கும் பலாப்பழத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது.

"மணம் தூக்குது," என்றான் அவன்.

"பேசாமத் தூங்குங்க."

மிச்சமிருந்தது ஒரே வழி. திருமயத்தில் இருக்கும் அம்மா காத்தாயிக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அத்தை அனுப்புற சாமான் குவிஞ்சு கெடக்கு. ஒரு சாக்கு அங்கிட்டு அனுப்புறேன், வச்சுக்க. அத்தைக்கு மட்டும் தெரிஞ்சிறக் கூடாது."

"என்னென்ன சாமான்?"

"அரிசி, உளுந்து, கடலைதான். எல்லாம் அவங்க வயல்ல வெளைஞ்சது."

"அவுக வயல்லயா?"

"வேற யாரு வயல்ல?"

"சரி, ஏத்திவிடு. வரட்டும், பாப்போம்," என்றாள் காத்தாயி. குரலில் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. ரஞ்சிதாவுக்கு அதைக் கவனிக்கப் பொழுதில்லை.

டப்பாக்களில் இருந்ததையெல்லாம் தனித்தனிப் பைகளில் கட்டி மறுபடி சாக்கிலேயே போட்டாள். கட்டக் கயிறு கிடைக்கவில்லை. கேக் பெட்டிக்கு வைத்திருந்த ஊதா ரிப்பனால் வாயை இறுக்கிக் கட்டி, பூப்போல முடிச்சும் போட்டாள். கை பழகிய வேலை. ராக்கன் சாக்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை ஓவன் மேடை ஏறியது. நிலவழகன் கட்டில் ஏறினான். புதிதாக வாங்கிய ஐசிங் சுகர் டப்பாவின்மேல் கோலம் போடக் கூடாது என்று எழுதி ஒட்டினாள். சாயங்காலம் கேக் ஒரு பக்கமும் சரியாமல் உப்பி வந்தது. வீடெல்லாம் வெண்ணெய் வாசம். அந்தப் பொன்னிறத்தைப் பார்த்தபோது ரஞ்சிதாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

தெரு முக்கில் விசில் கேட்டது.

வழக்கமாக முக்கிலேயே இறக்கிவைக்கும் ராக்கன், அன்று சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு வாசல்வரை வந்தான். சாக்கின் வாயில் ஊதா ரிப்பன். பூ முடிச்சு கசங்கக்கூட இல்லை.

"இது நான் திருமயத்துக்கு அனுப்புன சாக்குல்ல?"

"ஆமாக்கா. உங்கம்மா ரொம்ப நேரம் சாக்கையே பாத்துக்கிட்டு நின்னாக. அப்பறம், சம்பந்தி வீட்டுக்குக் குடுத்தது குடுத்ததுதான்னு, திருவரங்குளத்துக்கு ஏத்திவிட்டுட்டாக."

அத்தை ஆசையாக அனுப்பியதை அத்தை வீட்டுக்கே திருப்பி அனுப்பியாகிவிட்டது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்முன் போய் நிற்பது? அம்மா ஏன் இப்படிச் செய்தாள்?

"அத்தை பாத்தாங்களா? எறக்கிப் பிரிச்சுப் பாத்திருப்பாங்களே. கோவமா ஏதும் சொன்னாங்களா?"

ராக்கன் சாக்கை இறக்கிவைத்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க வேறக்கா. உங்கம்மா மாசாமாசம் உங்க அத்தைக்கு ஏத்திவிடுற சாக்கை அவுக என்னைக்கு எறக்கியிருக்காக? 'எங்க அடுப்படியில எடமில்ல, திரும்பிப் போகையில எம் மருமககிட்டப் போட்டுரு தம்பி'ன்னு பஸ் வாசல்லயே சொல்லிருவாகளே."